ஒளியின் பெயர் பெற்ற புனித லூசியா



நாவல் மரத்தால் பெயர் பெற்றது நம் திருநாவலூர். ஊரின் பெயருக்கே பொருள் உண்டென்றால், திருமுழுக்கில் நம் பிள்ளைக்கு இடும் பெயருக்குப் பொருள் இல்லாமற் போகுமா? லூசி, லூசியா, லூசியம்மாள் என்பவை நம் பாட்டிமார் பெருமையோடு தாங்கிய பெயர்கள். இன்று அவற்றை இடப் பெற்றோர் தயங்குகின்றனர். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் லூசு என்று கேலி செய்வார்களே என்பது அவர்கள் கவலை. ஆகவே அப்பெயருக்குரிய புனிதையின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

இலத்தீன் மொழியில் லூக்ஸ் என்றால் ஒளி. அதிலிருந்து வந்த லூசியுஸ் உரோமையரிடையே பெரிதும் வழங்கிய ஆண் பெயர். விடியும் வேளையில் பிறந்த பிள்ளைக்கு உரியதென அவர்கள் கருதினர். அதன் பெண்பாலே லூசியா. கேலிச் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை.

லூசியா சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்தவர். அவருடைய தாய் உதிரப்போக்கினால் நெடுநாள் துன்புற்றார். இருவரும் கத்தானியா நகருக்குத் திருப்பயணம் சென்று, புனித ஆகத்தாவின் கல்லறையில் மன்றாட, தாய் நலம் பெற்றார் என்பது பழைய மரபு. அந்த நன்றியில் லூசியா தம் சீதனப் பொருள் அனைத்தையும் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். கன்னிமையை இறைவனுக்கென்று நேர்ந்துகொண்டார்.

மணமகனாகக் குறிக்கப்பட்டிருந்தவன் சினங்கொண்டு, அவர் கிறிஸ்தவர் என்று ஆளுநனிடம் காட்டிக் கொடுத்தான். அது தியோக்கிளேசியன் பேரரசனின் வேதகலாபனைக் காலம். அவரை விலைமகளிர் விடுதிக்கு இழுத்துச் செல்ல எருதுகளைப் பூட்டியும் அசைக்க இயலவில்லை என்று மரபு கூறும். இறுதியில் 304ஆம் ஆண்டளவில் வாளால் வேதசாட்சி முடி பெற்றார். கண்களைத் தட்டில் ஏந்தியவராய் நாம் காணும் சுரூபம் பிற்காலக் கதையைத் தழுவியது. ஆயினும் அவரது வணக்கம் மிகத் தொன்மையானது. சிராக்கூஸ் நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த, ஏறக்குறைய 400ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்கக் கல்வெட்டொன்று அவர் திருநாளைக் குறிப்பிடுகிறது.

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயர் இடம் பெற்றுள்ளது. டிசம்பர் 13 அவர் திருநாள். அன்று சுவீடன் நாட்டுச் சிறுமியர் வெண்ணாடை அணிந்து விளக்கேந்திப் பவனி செல்வர். பாத்திமாவில் அன்னையின் காட்சி கண்ட லூசியாவும் (1907-2005) இப்பெயரினரே. ஸ்பெயின் நாட்டில் இந்நூற்றாண்டில் பல ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயரும் இதுவே.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்தும், நகைக்கும் ரொக்கத்துக்கும் கடன்பட்டுக் கலங்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். சீதனத்தை ஏழைகளுக்கு ஈந்த இக்கன்னி அவர்களுக்குத் துணை நிற்பாராக. பிறக்கும் நம் பெண் மக்களுக்கு இவ்வொளிப் பெயரைத் தயங்காது இடுவோம். சீதனம் கேளாத இல்லங்களையும் அவர்களுக்கென்று ஆயத்தம் செய்வோம்.

புனித லூசியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.