வீட்டுப் பணியை அச்சில் வடித்த மேரி கசாற்

மேரி கசாற் 1844 மே 22 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். ஓவியம் கற்கும் ஆவலுடன் 1866இல் பாரிஸ் சென்றார். அங்குள்ள அரச கலைக் கல்லூரி அன்று பெண்களைச் சேர்க்கவில்லை. எனவே தனிப்பட்ட ஆசிரியர்களிடம் பயின்றார். பின்னர் டெகாவின் அழைப்பை ஏற்று, 1879 முதல் இம்பிரஷனிஸ்ற் ஓவியர்களுடன் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்.

1890இல் அதே கல்லூரியில் நடந்த ஜப்பானிய அச்சோவியக் கண்காட்சி அவரைக் கவர்ந்தது. செப்புத் தகடுகளில் கோடு கீறி, வண்ணமிட்டு, பத்து அச்சோவியங்களை ஆக்கி 1891இல் காட்சிப்படுத்தினார். குளிப்பாட்டுமுன் நீரின் சூட்டைக் கையால் பார்க்கும் தாய், கடித உறையை நாவால் நனைத்து ஒட்டும் பெண், முழந்தாளிட்டு உடையின் ஓரத்தைச் சரிசெய்யும் தையற்காரி ஆகியோரே அவற்றின் நாயகியர். எவரும் நம்மைப் பார்த்துப் புன்னகைப்பதில்லை. தத்தம் வேலையிலேயே கண்ணாயிருக்கின்றனர்.

மேரி மணம் செய்யவில்லை. ஆயினும் வீட்டுப் பொறுப்பை நன்கறிந்தவர். சிறுநீரக நோயால் வாடிய தமக்கை லிடியாவை 1882இல் இழந்தார். பெற்றோரின் முதுமையிலும் துணைநின்றார்.

கண்புரையும் நீரிழிவும் வருத்த, சத்திரசிகிச்சைகளும் பார்வையை மீட்கவில்லை. 1914 அளவில் ஓவியப் பணியை நிறுத்தினார். அடுத்த ஆண்டு பெண்களின் வாக்குரிமைக்கு நிதி திரட்ட நியூயோர்க்கில் நடந்த கண்காட்சியில் அவரது ஓவியங்களும் இடம்பெற்றன. 1926 ஜூன் 14 அன்று பிரான்சில் மறைந்தார்.

அந்தக் கலைக் கல்லூரி 1897இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. கல்லூரி வாசலைத் தடையின்றிக் கடந்துவந்த நாம், அந்தப் பத்துப் படங்களில் நம்மைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் உழைத்த அம்மாமாரின் கைகளைக் காண்கிறோம்.