துளை அட்டை தந்த ஹெர்மன் ஹோலரித்

ஒரு நாட்டில் வாழும் மக்களை எண்ணுதல் எளிய செயலாகத் தோன்றலாம். எண்ணியவற்றை வகைப்படுத்தி, கேட்ட வினாவுக்கு விடை காணுதலே அரிய பணியாகும். இம்மாநிலத்தில் மணமாகாத ஆடவர் எத்துணைப் பேர், அவருள் எழுதப் படிக்க அறியாதார் எத்துணைப் பேர் என வினவினால், ஏடுகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை புரட்ட வேண்டிய நிலை ஒரு காலத்தில் இருந்தது. அந்நிலையை மாற்றியவர் அமெரிக்கப் பொறியாளர் ஹெர்மன் ஹோலரித். இன்று மாணவர்கள் கணிப்பொறியில் பயிலும் தகவல் தளத்திற்கும் அதன் அட்டவணைகளுக்கும் முன்னோடியாய் அமைந்தது இவர் வகுத்த துளை அட்டையே எனலாம். பகுத்தலும் வகுத்தலும் இலக்கணம் பயில்வோர்க்கு உரிய பணிகளாதலின், இவர் வரலாறு தமிழ்த்துறை மலரில் இடம்பெறுதல் பொருத்தமே எனக் கருதுகிறோம்.

பிறப்பும் கல்வியும்

ஹோலரித் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தகவல் தளம் ஒன்றைச் சோதிக்க முற்படுவோர் பிப்ரவரி 29 என்னும் நாளைத் தம் சோதனைத் தரவில் தவறாது சேர்ப்பர். அட்டவணைகளின் தந்தை அந்நாளிலேயே பிறந்தது வியப்பிற்குரியது.

இளமையில் எழுத்துக்கூட்டல் இவருக்குப் பெருந்துன்பமாய் இருந்தது. பள்ளியை விட்டு நீங்கித் தனியாசிரியரிடம் பயின்றார். எழுத்துக்கூட்டலில் இடர்ப்பட்ட அச்சிறுவரே 1879இல், தம் பத்தொன்பதாம் வயதில், கொலம்பியா சுரங்கவியல் பள்ளியில் பொறியாளர் பட்டம் பெற்றார். ஒரு பாடத்தில் பின்தங்கிய மாணவரை எல்லாவற்றிலும் பின்தங்கியவராகக் கருதுதல் பிழை என்பதை ஆசிரியராகிய நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கணக்கெடுப்புப் பணி

இவருடைய பேராசிரியர் டிரோபிரிட்ஜ் 1880ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப் பணியில் இவரைச் சேர்த்தார். ஐந்து கோடி மக்களின் விவரங்கள் கையாலேயே தொகுக்கப்பட்டன. பணி ஏழாண்டுகளுக்கு மேல் நீண்டது. மக்கள் பெருகப் பெருக, ஒரு கணக்கு முடியுமுன்பே அடுத்த கணக்கெடுப்பு வந்துவிடும் என்னும் அச்சம் எழுந்தது. பிறப்பு இறப்புப் புள்ளிவிவரப் பொறுப்பிலிருந்த மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், இத்தொகுப்புப் பணிக்கு ஓர் எந்திரம் வேண்டும் என்னும் கருத்தை இளைஞர் ஹோலரித்தின் உள்ளத்தில் விதைத்தார்.

1882இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகவும், பின்னர் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்திலும் பணியாற்றிய காலத்திலும் அவ்விதை அழியவில்லை. 1884இல் முதற்காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது அவர் கருதியது நீண்ட காகிதச் சுருள். சுருளில் ஒருவருடைய விவரத்தைத் தேட வேண்டின் சுருள் முழுவதையும் ஓட்ட வேண்டும். வரிசையை மாற்றி அடுக்கவும் இயலாது. இக்குறையை உணர்ந்து, ஒருவருக்கு ஓர் அட்டை என்னும் முறைக்கு மாறினார். புகைவண்டி நடத்துநர்கள் பயணியின் தோற்ற அடையாளங்களைச் சீட்டில் துளையிட்டுக் குறித்தமையை ஒருமுறை கண்டது இவ்வெண்ணத்திற்குத் துணைசெய்தது.

அட்டையின் அமைப்பு

முதலில் பால்டிமோர் நகரத்து இறப்புக் கணக்கில் இம்முறையைச் சோதித்தார். நடத்துநரின் கைத்துளைக் கருவியையே பயன்படுத்தினார். அக்கருவி அட்டையின் ஓரங்களை மட்டுமே எட்டியது, கையும் நொந்தது. சோதனையில் கண்ட இக்குறையே அட்டை முழுவதிலும் துளையிடவல்ல புதிய கருவியைச் செய்யத் தூண்டியது.

1890ஆம் ஆண்டு அட்டையில் 24 நெடுவரிசைகளும் 12 கிடைவரிசைகளுமாக 288 இடங்கள் இருந்தன. வயது, பால், மணநிலை, பிறந்த இடம், தொழில் ஆகிய ஒவ்வொன்றிற்கும் இடம் முன்னரே வரையறுக்கப்பட்டது. எந்த விவரம் எங்கு அமைய வேண்டும் என முற்கூட்டியே உறுதிசெய்யும் இவ்வமைப்பையே இன்றைய அட்டவணை வரையறையிலும் காண்கிறோம்.

அட்டையை எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், துளையுள்ள இடங்களில் மட்டும் ஊசிகள் கீழிறங்கிப் பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சாரம் பாயும்; எண்முகப்பின் முள் ஓரிலக்கம் நகரும். மின்னிணைப்புகளை மாற்றியமைத்தால், இன்ன வயதும் இன்ன தொழிலும் ஒருங்கே உடையவரை மட்டும் எண்ணலாம். வினாவிற்கேற்ப இணைப்பு, இணைப்பிற்கேற்ப விடை. அட்டை செம்மையாகப் பதிவானால் மணி ஒலிக்கும். ஒலிக்காத அட்டை தனியே ஒதுக்கப்பட்டு ஆராயப்படும். பிழையைத் தடுக்கும் காவலும் இவ்வாறு எந்திரத்திலேயே அமைந்தது.

செயின்ட் லூயிஸ் சோதனை

1889இல் மூன்று முறைகளுக்கிடையே அரசு ஒரு போட்டியை நடத்தியது. சோதனைக்கெனக் கற்பனை விவரங்கள் புனையப்படவில்லை. முந்தைய கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ் நகரத்து நான்கு வட்டாரங்களில் பதிவான 10,491 பேரின் விவரங்களே மூவருக்கும் வழங்கப்பட்டன. மெய்யான தரவில்தான் மெய்யான சிக்கல்கள் இருக்கும். ஒரே தரவை அனைவருக்கும் தந்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

விவரங்களைப் படியெடுக்க ஹோலரித் முறைக்கு 72 மணி 27 நிமிடம் ஆயிற்று. வண்ணச் சீட்டுகளைக் கையால் பிரித்தடுக்கும் மற்ற இரு முறைகளுக்கு முறையே 110 மணி 56 நிமிடமும், 144 மணி 25 நிமிடமும் ஆயின. தொகுக்கும் பணியில் வேறுபாடு இன்னும் பெரிது. மற்றையோர் 44 மணி 41 நிமிடமும் 55 மணி 22 நிமிடமும் எடுத்துக்கொள்ள, ஹோலரித்தின் எந்திரம் 5 மணி 28 நிமிடத்தில் முடித்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் பணி அவருக்கே கிட்டியது. ஆறு கோடியே இருபத்தாறு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தொகையின் மொத்த எண்ணிக்கை சில வாரங்களில் வெளிவந்தது. அவ்வாண்டே கொலம்பியா இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. லூசியா டால்காட் அம்மையாரை மணந்ததும் அவ்வாண்டே.

உயர்வும் ஓய்வும்

ஆஸ்திரியா, கனடா, ரஷ்யா ஆகிய நாடுகளும் இவ்வெந்திரங்களை ஏற்றன. 1896இல் இவர் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயினும் வாடகை மிகுதி குறித்து அரசோடு பிணக்கு ஏற்பட்டது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கு அரசு தன் சொந்த எந்திரங்களை உருவாக்கிக்கொண்டது. விட்டுக்கொடுக்கும் இயல்பு இவரிடம் குறைவாகவே இருந்தது எனலாம். 1911இல் இவர் நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. அதுவே 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. அந்நிறுவனத்து ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் உறவுநிலை அட்டவணைக் கோட்பாட்டை வெளியிட்டார் என்பது எண்ணத்தக்கது. இறுதிக்காலத்தில் பண்ணையில் மாடு வளர்த்து மகிழ்ந்த ஹோலரித், 1929 நவம்பர் 17ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார்.

நாம் கொள்ளும் பாடம்

இவர் வரலாற்றை இத்துடன் முடித்துவிட இயலவில்லை. இவர் பெயர் தாங்கிய ஜெர்மானியத் துணை நிறுவனத்தின் எந்திரங்கள், ஹிட்லர் ஆட்சியில் 1933இலும் 1939இலும் நடந்த குடிக்கணக்குகளைத் தொகுத்தன. அட்டையில் மதத்திற்கென ஒரு நெடுவரிசை இருந்தது. அதில் யூதருக்கென ஒரு துளையும் இருந்தது. 1939இல் பாட்டன் பாட்டியர் யூதரா என்றும் கேட்கப்பட்டது. நலத்திற்கென வகுத்த அட்டவணை, ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தை அடையாளங்காணும் கருவியாயிற்று. இதனைக் காண ஹோலரித் உயிரோடு இல்லை.

அட்டவணை தானே நன்மையோ தீமையோ செய்வதில்லை. எந்த நெடுவரிசை வேண்டும், எது வேண்டா என முடிவுசெய்வோர் மனிதரே. பிறருடைய விவரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அதனைக் கேட்டதற்கு மேல் கேளாமலும், கொண்ட நோக்கத்திற்குப் புறம்பாகப் பயன்படுத்தாமலும் காத்தல் கடமை. நாளை கணிப்பொறியின் முன் அமர்ந்து அட்டவணை வகுக்கப்போகும் நம் மாணவச் செல்வங்கள், ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாதிருப்பார்களாக. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.