வால்டர் பிரௌன்

கூடைப்பந்து என்னும் விளையாட்டு, அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் 1891-ம் வருஷம் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. அப்பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920-ம் வருஷத்தில் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். அதிலிருந்து வெளிவந்த ஆசிரியர் பலர் அவ்விளையாட்டை நம் மாணாக்கர்க்குக் கற்பித்தனர். இங்ஙனம் கடல் கடந்தும் பரவிய கூடைப்பந்துக்கு, அது பிறந்த மாகாணத்தின் தலைநகராகிய பாஸ்டனில் நெடுங்காலம் ஆதரவு இருந்ததில்லை. பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஹாக்கியே அந்நகரத்தாரின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. அங்கே கூடைப்பந்தை வேரூன்றச் செய்யும்பொருட்டுத் தம் பொருளையும் ஊராரின் நல்லெண்ணத்தையும் ஒருங்கே பணயம் வைத்த ஒருவரின் சரித்திரத்தை இங்கே கூற முன்வந்தோம்.

வால்டர் பிரௌன் 1905-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதி, பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர்தான் புகழ்பெற்ற பாஸ்டன் நெட்டோட்டம் தொடங்கும் இடம். இவருடைய தந்தையார் ஜார்ஜ் பிரௌன் அவ்வோட்டத்தைத் தொடங்கிவைப்பவராயும், நகரத்தின் விளையாட்டு மண்டபங்களை நிர்வகிப்பவராயும் விளங்கினார். 1937-ல் தந்தையார் இறக்கவே, பாஸ்டன் கார்டன் என்னும் பெருமண்டபத்தின் நிர்வாகம் மைந்தரிடம் வந்தது. அதற்கு முன்னரே, 1933-ம் வருஷம் பிரேக் நகரில் நடந்த உலக ஹாக்கிப் போட்டியில் வென்ற அமெரிக்கக் கோஷ்டிக்கு இவர் பயிற்சியாளராயிருந்து பெயர் பெற்றிருந்தார். கூடைப்பந்தோ இவர் ஆடி அறிந்த விளையாட்டன்று. இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றிற் பல இதனால் விளங்கும்.

மண்டபத்தில் ஹாக்கி இல்லாத இரவுகள் வெறுமையாய்க் கழிந்தன. அவற்றை நிரப்பக் கருதிய மண்டப நிர்வாகிகள் சிலர் 1946-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி நியூயார்க்கிற் கூடிக் கூடைப்பந்துச் சங்கமொன்றை அமைத்தனர். அவர்களில் பிரௌன் முதன்மையானவர். அயர்லாந்திலிருந்து குடியேறியவர் மிகுந்த நகரமாதலால், தம் கழகத்துக்குச் செல்டிக்ஸ் என்று பெயரிட்டார். யுத்தம் முடிந்த புதிதில் மரத்துக்குப் பஞ்சமாயிருந்தமையின், ஓக் மரத் துண்டுகளைச் சதுரஞ் சதுரமாய்ச் சேர்த்து ஆடுகளத்தை அமைத்தார்கள். பஞ்சத்தில் பிறந்த அக்களமே பிற்காலத்தில் அக்கழகத்தின் அடையாளமாயிற்று. அவ்வருஷம் நவம்பர் 5-ந் தேதி நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன், பயிற்சிக்காகப் பந்தெறிந்த ஆட்டக்காரர் ஒருவரால் கூடையைத் தாங்கும் கண்ணாடிப் பலகை நொறுங்கிற்று. ஆட்டத்திலும் சிகாகோ கழகத்தாரிடம் 55-க்கு 57 என்ற கணக்கில் தோற்றார்கள். அம்முதற் பருவத்தில் வென்றவை 22, தோற்றவை 38. நான்காம் பருவம் இன்னும் கீழானது: வெற்றி 22, தோல்வி 46.

மண்டபத்துப் பங்காளிகள் நஷ்டத்தைத் தாங்கமாட்டாமல் கழகத்தைக் கலைத்துவிட எண்ணினர். பிரௌன் இசையவில்லை. பிராவிடன்ஸ் நகரத்து லூ பியெரி என்பாரைக் கூட்டாளியாய்ச் சேர்த்துக்கொண்டு, கழகத்தைத் தம் சொந்தப் பொறுப்பில் ஏற்றார். அதற்காகத் தம் வீட்டையும் அடமானம் வைத்தார்.

இந்நிலையில் 1950-ம் வருஷம் வந்தது. சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள், கல்லூரிகளிலிருந்து தேறி வெளிவரும் ஆட்டக்காரரை ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுப்பது வழக்கம். பின்தங்கிய கழகத்துக்கு முன்னுரிமை உண்டு. தோல்விக்குக் கிடைக்கும் ஆறுதல் இஃதொன்றே. அவ்வருஷம் பாஸ்டனுக்கு அவ்வுரிமை கிட்டிற்று. யாரைத் தெரிந்தெடுக்கவேண்டும் என்பதில் நகரத்தாருக்கு ஐயமே இல்லை. பாஸ்டனுக்கு மேற்கே வூஸ்டர் நகரில் இயேசு சபைக் குருமார் நடத்தும் ஹோலி கிராஸ் கல்லூரியைச் சேர்ந்த பாப் கூஸி என்னும் இளைஞரின் ஆட்டத்தைக் காண ஜனங்கள் திரள்திரளாய் வந்தனர். முதுகுக்குப் பின்னால் பந்தைச் செலுத்தியும், ஒரு புறம் நோக்கி மறு புறம் எறிந்தும் அவர் ஆடிய விதம் அவர்களுக்குப் புதுமையாயிருந்தது.

அப்போது புதிதாய் அமர்த்தப்பட்ட பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் என்பவர். இவர் முன்னிருந்த கழகத்தில், தம்மைக் கேளாமலே முதலாளி ஆட்டக்காரர் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார் என்பதற்காக வேலையைத் துறந்தவர். பிரௌன் பாஸ்டன் பத்திரிகை நிருபர்களைக் கலந்தே இவரைத் தேர்ந்தார் என்று சொல்வதுண்டு. அந்த ஆவர்பாக் கூஸியை விலக்கி, ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள சக் ஷேர் என்பவரைத் தெரிந்தெடுக்கச் செய்தார். நெட்டையர் ஒருவர் நடுவில் நில்லாமையாலேயே கழகம் தோற்று வந்தது என்பது அவருடைய கணக்கு. உள்ளூரில் விரும்பப்படுபவர் என்னும் காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளத் தாம் வரவில்லை என்று நிருபர்களுக்கு முகத்திலறைந்தாற்போல் விடை கூறினார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. நான்கு வருஷமாய்த் தோல்வியையே கண்டு, எனினும் கழகத்தைக் கைவிடாதிருந்த அபிமானிகள், கையிலிருந்த மாணிக்கத்தை எறிந்துவிட்டார்களே என்று மனம் நொந்தனர்.

அவர்களுடைய கோபம் நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். ஆவர்பாக் பிற்காலத்தில் பெற்ற வெற்றிகளைக் காட்டி அன்றைய பிழையை மூடிவிடுவது வரலாறாகாது. கூஸியின் திறமையைக் குறித்து அவர் தவறாகவே எடைபோட்டார். சாமானிய ஜனங்கள் சரியாகக் கண்டனர். ஆனால் பிரௌனுடைய நிலை வேறு. கூஸியை எடுத்திருந்தால் அன்றே சீட்டுகள் விற்றிருக்கும். அடமானத்திலிருக்கும் வீட்டுக்காரருக்கு அது சிறிய ஆசையன்று. அவர் விரும்பியிருந்தால் பயிற்சியாளரை மீறியிருக்கலாம். எனினும் ஆட்டம் அறிந்தவனிடம் அதிகாரத்தைக் கொடுத்தபின் முதல் நாளிலேயே பறிப்பது தகாதென்று, ஊராரின் வசையைத் தாமும் சேர்ந்து சுமந்தார்.

அத்தேர்விலேயே இரண்டாம் முறையில் பிரௌன் டியூக்கேன் கல்லூரி மாணவராகிய சக் கூப்பரின் பெயரைச் சொன்னார். கூப்பர் நீக்ரோ வகுப்பினர். அதுவரையில் அவ்வகுப்பினர் ஒருவரையும் அச்சங்கத்துக் கழகங்கள் தெரிந்தெடுத்ததில்லை. அவர் நிறத்தைச் சுட்டி வேறொரு முதலாளி எச்சரித்தபோது, நிறம் எதுவாயினும் தமக்கு அக்கறையில்லை என்று பிரௌன் வெட்டென மறுமொழி கூறினாராம். கூஸியைப் பற்றிய ஆரவாரத்தில் இச்செயலுக்குரிய கவனம் அன்று கிட்டவில்லை போலும். ஆயின் இதே பிரௌன், 1950-ல் பாஸ்டன் நெட்டோட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்ற கொரியா தேசத்தாரை, அங்கே யுத்தம் நடப்பதைக் காரணமாகக் காட்டி மறு வருஷம் ஓடவொட்டாமல் தடுத்தார். ஒரு வாயிலைத் திறந்த கையே மற்றொன்றை அடைத்தது வருந்தத்தக்கது.

கூஸியின் கதை இத்துடன் முடியவில்லை. அவரைத் தெரிந்தெடுத்தது மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள டிரை-ஸிட்டீஸ் கழகம். அவரோ வூஸ்டரில் மோட்டார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளி நடத்தக் கருதி அங்கே போக மனமில்லாதிருந்தார். அவருடைய உரிமை சிகாகோ கழகத்துக்கு மாற்றப்பட்டது. சிகாகோ கழகமோ பருவம் தொடங்குமுன் கலைந்துபோயிற்று. அதன் ஆட்டக்காரரில் எஞ்சிய மூவரை நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் கழகங்கள் பங்கிடவேண்டும். மூவரும் விரும்பியது மாக்ஸ் ஸாஸ்லாப்ஸ்கியை. அடுத்தபடி ஆண்டி பிலிப்பை. கூஸியை ஒருவரும் வேண்டவில்லை. உடன்பாடு ஏற்படாமையால் மூன்று பெயர்களையும் எழுதித் தொப்பியொன்றில் இட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பிரௌன் கையில் வந்த சீட்டில் கூஸியின் பெயர் இருந்தது. அறிவாளியின் கணக்கும் ஜனங்களின் கூக்குரலும் செய்யாததைத் துண்டுக் காகிதம் செய்தது. தமக்கு ஏமாற்றமே உண்டாயிற்று என்பதைப் பிரௌன் மறைக்கவில்லை. எனினும் சீட்டை மதித்தார்.

பின் நிகழ்ந்தவை வியப்பானவை. கூஸி பாஸ்டனில் பதின்மூன்று பருவங்கள் ஆடி, 1963-ல் ஓய்வு பெறுமுன் ஆறு முறை சாம்பியன் பட்டத்திற் பங்கு கொண்டார். ஷேர் செல்டிக்ஸ் சட்டையை ஒரு நாளும் அணியவில்லை. ஆனால் அவருடைய உரிமையைப் போர்ட் வெயின் கழகத்துக்குக் கொடுத்து, குறி தவறாத பில் ஷார்மனை 1951-ல் பெற்றார்கள். நடுவில் நிற்க 1950-லேயே எட் மகாலி வந்து சேர்ந்திருந்தார். முதல் வருஷமே வெற்றி 39 ஆயிற்று. சங்கத்தில் அக்கறை குன்றாதிருக்க, 1951-ம் வருஷம் மார்ச்சு மாதம் 2-ந் தேதி சிறந்த ஆட்டக்காரரையெல்லாம் இரு கோஷ்டியாய்ப் பிரித்து ஆடும் முதற் காட்சியைப் பிரௌன் தம் மண்டபத்தில் நடத்தினார். நஷ்டம் வந்தால் தாமே ஈடுசெய்வதாய் முன்னரே வாக்களித்திருந்தார். பதினாயிரம் பேர் வந்தமையால் அதற்குத் தேவை நேரவில்லை.

1956-ல் மீண்டும் அதே வகைச் சோதனை. ஜனங்களின் அன்புக்குரிய மகாலியையும், கிளிப் ஹேகனையும் கொடுத்தால் செயிண்ட் லூயிஸ் கழகத்தின் முறையில் பில் ரஸ்ஸலைப் பெறலாம். மகாலியைத் தம் சொந்தப் பிள்ளைபோற் கருதிய பிரௌன் தயங்கினார். மகாலியின் குழந்தை மூளைச்சவ்வு நோயால் செயிண்ட் லூயிஸில் துன்புற்றிருந்தது. தம் ஊருக்கே திரும்புவது தமக்கு உதவியாகுமென்று மகாலி தாமே சொல்லியபின்னரே பிரௌன் இசைந்தார். முதல் முறைக்குரிய ராச்செஸ்டர் கழகத்தார் ரஸ்ஸலை எடாமலிருக்க, தாம் பங்கு கொண்டிருந்த பனிச்சறுக்குக் காட்சிக் குழுவை அவர்கள் மண்டபத்துக்கு அனுப்புவதாய் அவர் ஒப்பினார் என்பர். 1957-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, இருமுறை நேரம் நீட்டிக்கப்பட்ட ஏழாம் ஆட்டத்தில், மகாலியும் ஹேகனும் எதிர்ப்புறம் ஆட, பாஸ்டன் 125-க்கு 123 என்று வென்று முதற் பட்டத்தைப் பெற்றது. அதன்பின் 1959 முதல் 1964 வரை ஒவ்வொரு வருஷமும் அவர்களே வென்றனர்.

பிரௌன் விரைவில் வெகுண்டு விரைவில் தணியும் இயல்பினர். தம் கழகம் தோற்ற இரவுகளில் அபிமானிகளினும் மிகுதியாய்ச் சினந்து பேசுவார். பின்னர் தாமே சென்று மன்னிப்புக் கேட்பார். 1964-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 59. சங்கத்தின் வெற்றிக் கிண்ணத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டு 1984 வரை வழங்கிற்று. செல்டிக்ஸ் கழகத்தார் அவர் நினைவாக 1 என்னும் எண்ணை ஒதுக்கிவைத்தனர். அவ்வெண்ணுள்ள சட்டையை இன்றும் அக்கழகத்தில் ஒருவரும் அணிவதில்லை.