திருவையாற்று ஆசான்

தியாகராஜர் என்றதும் பலருக்கும் கீர்த்தனைகளே நினைவுக்கு வரும். தெலுங்கில் பாடியவருக்குத் தமிழ் இதழில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களும் உண்டு! அவர் 1767-இல் பிறந்தது திருவாரூரில். வாழ்ந்ததும் மறைந்ததும் காவிரிக்கரைத் திருவையாற்றில். நான் இங்கு எழுத வந்தது ஆசிரியரான தியாகராஜரைப் பற்றி.

அவருக்கு இசை கற்பித்த சொண்டி வெங்கடரமணய்யா தஞ்சை அரசவை வித்துவான். அரண்மனையும் தொலைவில் இல்லை. ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். மன்னர் சரபோஜி அழைத்தும் அவர் போகவில்லை என்பது வழிவழி வரும் செய்தி. அதனால் சினங்கொண்ட தமையனார், தம்பி பூசித்த இராமர் விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தாராம். இதைத் துறவின் பெருமையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கோ இதில் ஓர் ஆசிரியரின் கணக்கும் தெரிகிறது. அவை வித்துவானின் நேரம் அரசருக்கு உரியது. வீதியில் பாடிச் சென்று, வீட்டார் இடும் அரிசியைப் பெற்று வாழ்ந்தவரின் நேரமோ அவருடையதாகவே இருந்தது. பூசை, பாட்டு, பாடம் என்று அதை அவரே பங்கிட்டுக் கொண்டார்.

இந்தக் கணக்கு எனக்குப் புரியக் காரணம் உண்டு. விடுமுறைதோறும் புக்கிட் ரோத்தானை அடுத்த எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறேன். ஆறு பேரில் தொடங்கிய வகுப்பில் இன்று பத்தொன்பது பேர். சுருதிப்பெட்டி ஒன்றுதான். இன்னும் நால்வரைச் சேர்க்கச் சொல்லித் தாய்மார்கள் கேட்கிறார்கள். அதே சனிக்கிழமைகளில் திருமண விருந்துகளில் பாட ஓர் இசைக்குழுவும் அழைக்கிறது. அந்தப் பணம் படிப்புச் செலவுக்கு உதவும் என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்னும் பதில் சொல்லவில்லை.

தியாகராஜரின் சீடர்களில் ஏறத்தாழ 30 பேரை வரலாறு அறியும். அத்தனை பேருக்கும் எப்படி இடம் கொடுத்தார்? அவர் பாடல்களிலேயே விடை இருக்கிறது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் தேர்ந்தவர்களுக்கே கடினமானவை. திவ்யநாம, உற்சவ சம்பிரதாயப் பாடல்களோ எளிய மெட்டில், பலர் கூடிப் பாடத்தக்கவை. புதிதாய் வந்தவனும் அன்றே குரல் சேர்க்கலாம். பெரிய கிருதிகளைச் சீடரின் திறம் அறிந்து கற்பித்தார் என்பர்.

ஐயம்பேட்டையிலிருந்து வந்து பயின்ற வாலாஜாப்பேட்டை வெங்கடரமண பாகவதர் பாடல்களை எழுதி வைத்தார். அச்சுவடிகள் பின்னர் மதுரை சௌராஷ்டிர சபைக்குச் சென்றன. தில்லைஸ்தானம், உமையாள்புரம் என்று வேறு மரபுகளும் கிளைத்தன. உறவினரும் சீடருமான மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர், மகா வைத்தியநாதையருக்கும் பட்டணம் சுப்பிரமணிய ஐயருக்கும் ஆசிரியரானார். 1847 சனவரி 6-இல் தியாகராஜர் மறைந்தபோது அவ்விருவரும் மூன்று வயதைக்கூடத் தாண்டாத குழந்தைகள்.