மலையேறிய தலைநகரமும் ஜான் சல்லிவனும்

பின்னாளில் எத்தியோப்பியப் பேரரசரான மெனலிக்கின் காலத்தில், 1886இல் உருவான அடிஸ் அபாபா இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையிடம். ஏறத்தாழ அதே உயரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டரில், நம்மிடமும் ஒரு மலைத் தலைநகர் இருந்தது. ஆனால் உதகமண்டலம் கோடைக்கு மட்டுமே தலைநகர். எங்கள் துறையூர்ச் சமவெளியில் உழவர் வெயிலில் நின்று வரி செலுத்த, அவ்வரியை நிர்வகித்த சென்னை மாகாண அரசு குளிரைத் தேடி மலையேறியது.

அந்நகருக்கு வித்திட்டவர் ஜான் சல்லிவன். 1788இல் பிறந்து, பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தவர். கோயம்புத்தூர் ஆட்சியராக 1819 ஜனவரியில் நீலகிரிக்கு ஏறினார். கோத்தகிரிப் பக்கம் முதல் வீட்டைக் கட்டினார். பின்னர் உதகையில் அவர் எழுப்பிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஆட்சியர் மாளிகை கல்லூரியின் வசம் வந்ததில், ஆசிரியனாக இருந்த எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஓடைக்குக் குறுக்கே அணையிட்டு, பாசனத்தையும் எண்ணி அவர் உருவாக்கிய ஏரியில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடுகிறார்கள். உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியப் பயிர்களும் அவர் முயற்சியால் அங்கே வேர்பிடித்தன.

ஒரு பொருளியல் மாணவனாக என்னை ஈர்ப்பது அவரிடமிருந்த முரண்தான். தோடர்களிடமிருந்து சொற்ப விலைக்குப் பரந்த நிலத்தைப் பெற்றவர் அவர். அவரே, மலைநிலம் தோடர்களுடையது, அரசானாலும் விலை கொடுத்தே எடுக்க வேண்டும் என்று வாதாடினார். முதல் செயலை இரண்டாவது கழுவிவிடாது. ஆயினும் அக்காலத்தில் அப்படி வாதாடிய அதிகாரிகள் அரியர். ஆளுநர் லஷிங்டன் மலையைப் படைவீரர்களின் உடல்நலத்துக்கான இடமாகக் கருதினார். நிர்வாகம் படை அதிகாரியிடம் சென்றது. சல்லிவனின் வாதம் எடுபடவில்லை.

1838இல் மனைவியையும் மகளையும் இழந்து, இருவரையும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். 1841இல் தாயகம் திரும்பினார். அங்கே ஓய்ந்திருக்கவில்லை. சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்து 1853இல் நூல் வெளியிட்டார். இந்தியச் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுவதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். தாதாபாய் நௌரோஜி அக்கருத்தைக் கோட்பாடாக வளர்த்தது அதற்குப் பிறகுதான். வருவாய் வாரியத்திலும் ஆளுநர் அவையிலும் அமர்ந்து கணக்கைப் பார்த்தவர் கூறியதென்பதால், அக்கண்டனத்துக்கு எடை அதிகம்.

1855இல் சல்லிவன் இங்கிலாந்தில் காலமானார். சென்னை அரசு ஆண்டுதோறும் கோப்புகளோடு மலையேறுவது நிலைத்த வழக்கமானது அதற்குப் பிறகே.