பவளப் பூவின் உண்மை கண்டவர்

பவளம் ஒரு விலங்கு என்று நாம் பாடப் புத்தகத்தில் எளிதாகப் படித்துவிடுகிறோம். அதைச் சொன்னபோது யாரும் நம்பாத ஒருவர் இருந்தார். பிரான்சின் மார்செய் நகரில் 1694-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் பெய்சொனல்தான் அவர்.

பவளம் கடற்செடி, அதில் வெண்பூக்கள் பூக்கின்றன என்பதே அக்கால அறிஞர் கருத்து. பெய்சொனல் செம்பவளக் கிளையைக் கடல்நீர்ப் பாத்திரத்தில் இட்டுப் பொறுமையாகக் கவனித்தார். பூக்கள் விரிந்தன, தொட்டதும் உள்ளே ஒடுங்கின. அவை பூக்களல்ல, சிற்றுயிர்கள்!

1727-இல் இதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்த ரெயோமூர் என்ற பேரறிஞர், தாமும் நம்பாமல், இவர் பெயரையும் மறைத்துவிட்டார். இவருக்கு ஏளனம் வரக் கூடாதாம்! அது பரிவுதானா என்று நமக்கு ஐயமே. ஹைட்ரா பற்றி டிரெம்பிளி கண்டறிந்த பின், 1742-இல் ரெயோமூரே பெய்சொனலின் பெயரைச் சொல்லித் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அப்போது பெய்சொனல் தொலைதூரக் குவாதலூப் தீவில் மருத்துவராக இருந்தார். 1759-இல் அங்கேயே மறைந்தார்.