இந்துப்பின் வயது என்ன? பாறைக்குள் தாவரங்களைத் தேடிய பீர்பால் சாஹ்னியின் கதை

சூப்பர் மார்க்கெட்டில் 'ஹிமாலயன் பிங்க் சால்ட்' பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் அதன் பெயர் இந்துப்பு. பெரும்பாலும் இது வருவது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் கேவ்ரா சுரங்கத்திலிருந்து. இந்த உப்புக்கு எத்தனை வயது என்பதில் 1940-களில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அதன் நடுவில் நின்றவர் பீர்பால் சாஹ்னி.

1891-ல் அதே பஞ்சாபின் பேரா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ருச்சி ராம் சாஹ்னி லாகூரில் வேதியியல் பேராசிரியர். லாகூர் படிப்பு முடித்து கேம்பிரிட்ஜ் போன சாஹ்னி, அங்கே தாவரப் புதைபடிவ நிபுணர் சீவர்டின் மாணவரானார்.

1915-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஜின்கோ மரத்தின் சூலுக்குள் வேறு ஏதோ தாவரத்தின் மகரந்தம் புகுந்திருப்பதைப் பார்த்து எழுதியது. விதைக்குள் மகரந்தம் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒரே செடியுடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதைபடிவங்களில் இது ரொம்ப முக்கியம் என்பதுதான் சாரம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1921-ல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். 1936-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

இலை சொன்ன வானிலை

இந்தியாவின் பழைய நிலக்கரிப் பாறைகளில் குளோசாப்டெரிஸ் என்ற இலை நிறைய கிடைக்கும். பனிப்பாறைகள் விலகிய குளிர் நிலத்தில் வளர்ந்த செடி அது. ஆனா, ஏறக்குறைய அதே காலத்தில் சுமத்ரா, சீனா பக்கம் இருந்ததோ வெப்பப் பகுதித் தாவரங்கள். இன்று கிட்டக்கிட்ட இருக்கும் நிலங்களில் எப்படி இவ்வளவு வித்தியாசமான காலநிலை? கண்டங்கள் நகர்கின்றன என்ற வெகெனரின் கருத்தைப் பலரும் கேலி செய்துகொண்டிருந்த நேரத்தில், அதைத் தாவரச் சான்றுகளோடு வைத்துப் பார்த்து ஆதரித்தவர் சாஹ்னி. தூரத்தில் இருந்த நிலங்கள் பிறகுதான் நெருங்கி வந்தன என்பது அவரது வாதம்.

காஷ்மீரில் பழைய ஏரியின் வண்டல் படிவுகள் பீர் பஞ்சால் மலைச் சரிவில் உயரத்தில் கிடப்பதை வைத்து, மனிதன் தோன்றிய பிறகும் இமயமலை உயர்ந்திருக்கிறது என்றும் எழுதினார்.

சறுக்கிய இடம்

இப்போது உப்புக்கு வருவோம். கேவ்ரா உப்பு கேம்ப்ரியன் காலத்தது, அதாவது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்றனர் புவியியலாளர்கள் பலர். சாஹ்னி உப்புப் படிவு மாதிரிகளைக் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மரத் துணுக்குகள், பூச்சிகளின் பாகங்கள் கிடைத்தன. கேம்ப்ரியனில் மரமே கிடையாதே! எனவே உப்பு இயோசீன் காலத்தது, சுமார் 5 கோடி ஆண்டுதான் என்றார்.

இன்றைய ஆய்வுகள் புவியியலாளர்கள் பக்கம்தான். அந்தத் துணுக்குகள் பிற்பாடு உள்ளே புகுந்தவை என்பதே பொதுவான விளக்கம். இருபத்து சொச்சம் வயதில் 'வெளியிலிருந்து வந்தது உள்ளே கிடக்கலாம், ஜாக்கிரதை' என்று எச்சரித்த அதே மனிதர்!

அதற்காக அவரது மற்ற வேலைகள் ஆட்டம் காணவில்லை. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் கிடைத்த தண்டு, இலை, காய்த் துண்டுகளை ஜிக்சா மாதிரி சேர்த்து, 1948-ல் பென்டாக்சிலியே என்ற, யாரும் அறியாத தாவரப் பிரிவையே நிறுவினார். சும்மா ஹாபியாகப் பழங்கால நாணய அச்சுகளை ஆராய்ந்து அதற்கும் மெடல் வாங்கியவர் என்பது தனிக்கதை.

லக்னோவில் இந்தத் துறைக்கென்றே ஒரு நிறுவனம் அமைப்பதுதான் அவரது கடைசிக் கனவு. 1949 ஏப்ரல் 3-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லிலேயே புதைபடிவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஏப்ரல் 10-ல் மாரடைப்பு. 57 வயதில் சாஹ்னி போய்விட்டார்.

கட்டிடம் எழும்பவே இல்லை, தலைவரும் இல்லை. பொறுப்பை ஏற்று நிறுவனத்தைக் கட்டி முடித்தவர் அவரது மனைவி சாவித்ரி சாஹ்னி. 1969-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பீர்பால் சாஹ்னி பெயரில் அந்த நிறுவனம் லக்னோவில் இன்றும் இயங்குகிறது. ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்துப் பழைய பருவமழையைக் கணக்கிடும் வேலையும் அங்கே நடக்கிறது.